பாட்டும் நடிப்பும் ஒரே தொண்டையில்

சென்னையில் பாட்டும் நடிப்பும் சேர்ந்த தொழிலுக்கு வர விரும்பும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான். வானொலியில் மெல்லிசைப் பாடகியாகவும் நாடகக் கலைஞராகவும், பிறகு தொலைக்காட்சியில் நடிகையாகவும் பின்னணிக் குரல் கொடுப்பவளாகவும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். இரண்டையும் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் செலவாவது ஒரே குரல் என்பதை முதல் நாளிலிருந்தே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்காரர்கள் நடிப்பைக் குரலுக்குக் கேடு என்று ஒதுக்குவதையும், நடிப்புத் துறையினர் பாட்டை உபரித் திறமை என்று நினைப்பதையும் நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். என் அனுபவத்தில் ஒன்று மற்றொன்றுக்குச் சோறு போட்டது. ஆனால் எதை எந்த வேளையில் செய்வது, எதை எழுத்தில் வாங்குவது, எதற்கு மறுப்புச் சொல்வது என்ற ஒழுங்கு இல்லாமல் அது நடந்திருக்காது.

மேடை நாடகக் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. கே.பி.சுந்தராம்பாள் போன்றவர்களை நாடகக் கம்பெனிகள் தேடிப் போனதே அவர்கள் பாடுவார்கள் என்பதற்காகத்தான். பேசும் படம் வந்த பிறகும் எம்.எஸ்.சுப்புலட்சுமி, பி.பானுமதி, எஸ்.வரலட்சுமி ஆகியோர் தாங்கள் ஏற்ற பாத்திரங்களுக்குத் தாங்களே பாடினார்கள். பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும் முகம் ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது என்று தொழில் பிரிந்தது. பின்னாளில் பேச்சுக் குரலும்கூட மூன்றாவது ஒருவருடையதாக ஆயிற்று. முகத்துக்கு வேலையே இல்லாத வானொலியில் மட்டும்தான் பாடுபவளும் நடிப்பவளும் ஒருத்தியாகவே இருக்க முடிந்தது. அதனால்தான், தொலைக்காட்சிக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுகிற பெண்களிடமும் முதலில் வானொலிக்குப் போய் வா என்று இன்றும் சொல்கிறேன்.

சென்னையில் ஒலிபரப்பு 1924இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்போடு ஆரம்பமானது. 1927இல் அது நின்றுபோக, மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று நடத்தியது. பிறகு 1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. நான் பாடத் தொடங்கிய காலத்தில் நிலையம் கடற்கரையை ஒட்டிய இன்றைய காமராசர் சாலைக் கட்டடத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை கிடைத்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர் வானொலியில் திரைப்பாடல்களைப் பெருமளவு ஒதுக்கிவைத்தார். நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அதை ஈடுகட்ட 1957 அக்டோபரில், திரைப்பாடல்களுக்கு இடம் தரும் விவித் பாரதி என்னும் சேவையை அகில இந்திய வானொலி தொடங்கியது. இதற்கிடையே நிலையங்கள் தாமே பாடல் எழுதி வாங்கி, மெட்டமைத்து, தம் வாத்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யும் மெல்லிசை என்னும் வகை வளர்ந்தது. கச்சேரிப் பயிற்சி உள்ள, ஆனால் கச்சேரி மேடைக்கு வராத பல பெண்களுக்கு அந்த மெல்லிசைதான் வாழ்வு கொடுத்தது. திரையிசைக்கும் கர்நாடக இசைக்கும் நடுவே அது ஏதோ பாதி வழியில் நின்றுவிட்டது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மூன்று நான்கு நிமிடங்களில் ஒரு கவிதையின் பொருள் கெடாமல் பாடிக் காட்டுவது தனியான வித்தை.

குரல் தேர்வில் நம் பெயரைச் சொல்லக் கூடாது. தேர்வாளர்கள் வேறோர் அறையில் அமர்ந்து, ஒலிபெருக்கி வழியாக வரும் குரலை மட்டும் கேட்டு முடிவு செய்வார்கள்; யாருடைய மகள், யாருடைய சிஷ்யை என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரும் இல்லாத குடும்பத்திலிருந்து வந்த எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது ஆழ்ந்த மரியாதை உண்டு. தேறியவர்களுக்கு ‘பி’, ‘பி ஹை’, ‘ஏ’, ‘டாப்’ என்று படிநிலைகள் தரப்படும். சம்பளமும் வாய்ப்பும் அதைப் பொறுத்தே அமையும். பலரும் கவனிக்காத விஷயம், மெல்லிசைக்கும் கர்நாடக இசைக்கும் நாடகத்துக்கும் தனித்தனியாகத் தேர்வும் படிநிலையும் உண்டு என்பதுதான். பாட்டில் தேறியவள் நாடகத்துக்கும் தானாகவே அழைக்கப்படுவாள் என்று காத்திருந்தால் காலம்தான் போகும். இரண்டுக்கும் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். ஒரு படியில் இருக்க வேண்டிய ஆண்டுகள் முடிந்ததும் அடுத்த படிக்கு மறு விண்ணப்பம் போட வேண்டும். எனக்கு மூத்த கலைஞர்கள் சிலர், கூச்சத்தினாலேயே கடைசி வரை ‘பி’யில் இருந்துவிட்டார்கள், அவர்கள் குரல் அதற்கு மேலானது என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாடக ஸ்டுடியோவில் நான் கற்றதுதான் என் தொழிலின் அடித்தளம். அந்நாட்களில் நாடகப் பதிவுக்கு ரிப்பன் மைக் வைப்பார்கள். அதன் முன்னும் பின்னும் குரல் நன்றாக விழும். பக்கவாட்டில் ஏறக்குறைய விழாது. அதனால் இரண்டு பேர் மைக்குக்கு இருபுறமும் எதிரெதிரே நின்று, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசலாம். அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல வேண்டுமானால் ஒரு தப்படி பக்கவாட்டுக்கு நகர்ந்தால் போதும். தூரத்திலிருந்து வருகிறவள் வசனத்தைப் பேசிக்கொண்டே மைக்கை நோக்கி நடந்து வர வேண்டும். காலடி ஓசை கேட்கக் கூடாது என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம். வசனத் தாள்களைப் பின் போட்டுச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு தாளின் கீழ் மூலையையும் சற்றே மேலே மடித்து வைத்துக்கொண்டால், விரல் தேடாமல், சலசலப்பு இல்லாமல் அடுத்த தாளை எடுக்கலாம். பக்கத்திலேயே ஒருவர் மணல் தட்டையும் தாழ்ப்பாள் பொருத்திய சின்னக் கதவையும் டம்ளர்களையும் வைத்துக்கொண்டு நம் வசனத்துக்கு ஏற்ப ஒலி எழுப்புவார். காபி கொடுக்கும் காட்சியில், அவர் டம்ளரை வைக்கும் ஓசைக்குப் பிறகுதான் நான் பேச வேண்டும். முந்தினால் காட்சி பொய்யாகிவிடும்.

ஒத்திகையின்போது எங்கள் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அடிக்கடி சொன்னது ஒன்றே ஒன்று: “நீ பேசறது நன்னாத்தான் இருக்கும்மா. எதிர்ல இருக்கிறவர் பேசறதைக் கேட்டுட்டுப் பேசு.” கேட்பது நடிப்பின் பாதி என்பதைக் காட்சி இல்லாத ஊடகம்தான் எனக்குப் புரியவைத்தது. எதிரே இருப்பவர் சொல்லி முடித்த சுருதியிலிருந்து என் வசனம் எழ வேண்டும். அவர் தாழ்ந்த குரலில் முடித்தால் நான் உச்சத்தில் தொடங்கக் கூடாது. பாட்டில் தம்பூராவைக் கேட்டுப் பழகிய காது இதற்கு உடனே உதவியது. அதேபோல, இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சென்னையில் வளர்த்த, பலர் ஒன்றாகப் பாடும் சேர்ந்திசை மரபில் பாடியவர்கள் நாடகத்துக்கு வந்தபோது பிறர் குரலை மூடாமல் பேசினார்கள். தம் குரல் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கக் கூடாது என்ற பயிற்சி அங்கே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. தனிப்பாட்டு மட்டுமே பாடி வரும் இளம் பெண்களுக்குச் சேர்ந்திசைக் குழு ஒன்றில் சில காலம் பாடும்படி நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

நடிப்பும் பாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது. பாரதியாரின் வரி ஒன்றைப் பாடும்போது எந்தச் சொல்லில் மூச்சு எடுப்பது என்பதை முன்பெல்லாம் தாளம்தான் முடிவு செய்யும். நாடகத்துக்குப் பிறகு, முதலில் பாடலை வசனமாக ஒருவருக்குச் சொல்வதுபோல உரக்கப் படித்து, எங்கே பொருள் நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். அந்தக் கோட்டில் மட்டும்தான் மூச்சு. மெட்டு அதற்கு இடம் தராத இடங்களில் இசையமைப்பாளரிடம் பணிவாகக் கேட்டால், பெரும்பாலானவர்கள் ஒரு சங்கதியை, அதாவது மெட்டின் ஒரு நெளிவை, குறைத்துக் கொடுத்தார்கள். ல, ள, ழ மூன்றையும் மைக் இரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும். ‘ப’வில் காற்று வெடித்தால் மைக்கை நேராகப் பார்க்காமல் சற்றுக் கோணமாக நின்றால் சரியாகும். வீட்டில் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டே இன்று இதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நடிகர்களுக்காக அவர்கள் முதலில் தட்டிய கதவுகள் வானொலியும் சபா நாடகக் குழுக்களும்தான். சுவாமி சிவானந்தா சாலை ஸ்டுடியோவில் அன்றைய நாடகங்கள், சில கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, நீண்ட நீண்ட காட்சிகளாகப் பதிவாயின. ஒட்டுவதும் வெட்டுவதும் எளிதாக இல்லாததால், ஒருவர் வசனம் தடுமாறினால் எல்லோரும் காட்சியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். ஆகவே முழு நாடகமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சபா மேடையில் வளர்ந்தவர்களுக்கு அது எளிது, தாளைப் பார்த்துப் பழகிய எங்களுக்குத்தான் புது உழைப்பு. கறுப்பு வெள்ளைக் காலத்தில் வெள்ளை வெளேரென்ற புடவையும், பின்னாளிலும் மெல்லிய கட்டம் போட்ட புடவையும் கேமராவில் கண்ணைக் கூச வைக்கும் என்பதால், நடுத்தர நிறத்தில் சில புடவைகளைத் தொழிலுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். குரல் விஷயத்தில் மேடைக்காரர்கள்தான் மாற வேண்டியிருந்தது. அவர்கள் கடைசி வரிசைக்குப் பேசினார்கள், தலைக்கு மேலே தொங்கிய மைக்குக்கு வானொலிக்காரர்களின் அளவான குரல் போதுமாயிருந்தது. பாட்டு நிகழ்ச்சிகளில் எனக்கு இருந்த சிரமம் வேறு. வானொலியில் கடினமான ஸ்வரப் பிடியின்போது முகத்தைச் சுளித்தால் யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சிக்காகக் கண்ணாடி முன்னால் பாடிப் பழகி, முகம் இறுகும் இடங்களில் தாடையைத் தளர்த்தக் கற்றேன். அதனால் குரலும் கூடுதல் விடுதலை பெற்றது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்ததற்குப் பிறகு தனியார் அலைவரிசைகள் பெருகி, நெடுந்தொடர்களின் காலம் தொடங்கியது. வருமானம் உயர்ந்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் குரலுக்கு உண்மையான சோதனை அங்கேதான். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் கால்ஷீட் இரவு ஒன்பதுக்கு முடியும். பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் வசனத்தைப் பிராம்ப்ட் செய்ய, நாம் அதைத் திரும்பச் சொல்லி நடிக்க வேண்டும்; அடுத்த வரி காதில் விழுந்துகொண்டே இருக்கும்போது எதிரே இருப்பவரைக் கேட்பது கடினம். அவர் வரியையும் என் வரியையும் காலையிலேயே வாங்கி ஒரு முறை படித்துவிட்டால் பிராம்ப்டிங் வெறும் துணையாகிவிடும். இதைச் செய்கிறவர்கள் எவ்வளவு நடுத்தரமான வசனத்திலும் தனித்துத் தெரிவார்கள்.

அழுகைக் காட்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடும் பெண்களின் குரல் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பெண் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. ஐந்து கட்டை சுருதியில் (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு) பாடுகிறவள் மேல் ஷட்ஜமத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, தொடும்போது அது ஏறத்தாழ 390 ஆகிறது. கதறி அழும்போதோ, அதே வேகத்தில் மோதும் நாண்களை நாம் பின்னாலிருந்து முழு மூச்சால் அழுத்தவும் செய்கிறோம். நாண்கள் வீங்கும், வீங்கிய நாண்களோடு மறுநாள் பாடினால் புண்படும், அது தொடர்ந்தால் முடிச்சு விழும். ஒரு வீட்டில் நடந்த படப்பிடிப்பில், கணவன் இறந்த செய்தி கேட்டு அலறும் காட்சியை மதியம் முதல் பல கோணங்களில் எடுத்தார்கள். குளோசப் எடுக்கும்போது மட்டும் முழுக் குரல் கொடுப்பேன், தூரத்து ஷாட்டுகளில் வாயசைப்பும் மூச்சும் தருவேன், டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டேன். முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். திரையில் வித்தியாசம் தெரியவில்லை. வானொலியில் நாங்கள் அழுதது இதைவிடச் சிக்கனமாக இருக்கும்: தலையை மைக்கிலிருந்து திருப்பி, மூச்சை மூன்று துண்டுகளாக உள்ளே இழுத்து, ஒரு சொல்லை முடிக்காமல் விடுவோம். அழுகையை அடக்கிப் பார்ப்பவளின் குரல்தான் நேயர்களை அழவைத்தது. இது படக்காட்சிக்கும் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாட்டுப் பதிவு இருக்கும் நாளுக்கு முந்தைய நாள் அழுகைக் காட்சிக்கோ சண்டைக் காட்சிக்கோ கால்ஷீட் கொடுப்பதில்லை என்பது நான் கடைசி வரை விடாத ஒழுங்கு. டப்பிங்கையும் பாட்டையும் ஒரே நாளில் வைக்க நேர்ந்தால் பாட்டு காலையில், டப்பிங் மாலையில். குளிரூட்டிய டப்பிங் அறையில் தொண்டை வறளும் என்பதால் பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கூடவே இருக்கும். குரல் கம்மினால் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள்; அது குரலை மேலும் வருத்தும், வாயை மூடியிருப்பதுதான் ஓய்வு. மிளகு ரசமும் ஆவி பிடிப்பதும் இதமாக இருக்கும், ஆனால் கம்மல் 3 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களை நேரில் பார்க்கச் சொல்ல வேண்டும். கைவைத்தியத்தில் மாதங்களைக் கடத்தி, பாட்டையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பணம், உரிமை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வானொலி நிலையத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒப்பந்தக் கடிதம் முன்கூட்டியே வரும். நாள், நேரம், தொகை எல்லாம் அதில் இருக்கும். வெளியே அப்படி இல்லை. விளம்பர ஜிங்கிள் ஒன்றை ஒரு நிறுவனத்துக்காகப் பாடினேன். ஒரு வேளைச் சம்பளம் கையில் கொடுத்தார்கள். காகிதம் எதுவும் இல்லை. அந்தப் பாட்டு ஆண்டுக்கணக்கில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. கேட்டபோது எல்லா உரிமையும் வாங்கியாகிவிட்டது என்றார்கள். டிராக் பாடுவதிலும் இதே நிலைதான்: நம் குரலில் பாட்டைப் பதிவு செய்து, பிறகு பெயர் பெற்றவரின் குரலை மேலே ஏற்றுவார்கள். டிராக் மட்டும்தானா, நம் குரலே இடம்பெறுமா, இடம்பெற்றால் பெயர் போடுவார்களா என்பதை மைக் முன் நிற்பதற்கு முன்பே குறுஞ்செய்தியிலாவது எழுத்தாக வாங்கிவிட வேண்டும். 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் கலைஞர்களின் நிகழ்த்துரிமையை வலுப்படுத்தியிருக்கிறது. நம் பாட்டோ நடிப்போ வணிகமாகப் பயன்படும்போது உரிமத்தொகையில் பங்கு கேட்க அது வழி செய்கிறது, அந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். பாடகர்களுக்கான உரிமச் சங்கம் 2013இல் உருவானது. பாடிய பதிவு ஒன்று வெளியாகியிருந்தாலே அதில் உறுப்பினராவதைப் பற்றி விசாரிக்கலாம். டப்பிங்குக்கும் சின்னத்திரை நடிப்புக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. உறுப்பினர் அட்டை எடுத்து வைத்தால்தான் சம்பளப் பாக்கிக்குப் பேச ஆள் இருக்கும். சம்பளத்தில் வருமான வரிக்கு என்று பிடிக்கும் தொகை, நம் கணக்கில் கட்டப்பட்டிருக்கிறதா என்று படிவம் 26ஏஎஸ்ஸில் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

வயதாகும்போது பெண் குரல் கீழே இறங்கும் என்பதை நம் சங்கீத உலகம் வெளியே பேசுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எனக்கு மேல் ஸ்தாயி கனத்தது. ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலரைக்குச் சுருதியை இறக்கிக்கொண்டேன். பழைய பாடல்களை அதற்கேற்பத் திருப்பிப் பயின்றேன். அதே காலத்தில் நாடகத்தில் என் குரலுக்குத் தேவை கூடியது, ஏனென்றால் மாமியாருக்கும் பாட்டிக்கும் மருத்துவருக்கும் நீதிபதிக்கும் அடர்த்தியான குரல் வேண்டும். பாட்டு குறைந்தபோது நடிப்பு தாங்கியது. தொடர்களில் வாய்ப்பு குறைந்த ஆண்டுகளில் ஆவணப்படங்களுக்கும் ஒலிப்புத்தகங்களுக்கும் குரல் கொடுத்தேன்.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு நுழைவாயில்கள் கூடியிருக்கின்றன. ஆகாசவாணியின் குரல் தேர்வுகள் நடக்கின்றன. இளைஞர்களுக்கான இளையபாரதம் நிகழ்ச்சியில் தொடங்கி இந்தத் துறைக்கு வந்தவர்கள் பலர். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 முதல் இயங்கும் சமுதாய வானொலி போன்ற நிலையங்களில், நிகழ்ச்சியைத் தயாரிப்பதையும் எடிட் செய்வதையும் சேர்த்தே பழகலாம். பொதிகை என்று நாம் அறிந்த அலைவரிசை 2024 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது. எங்கே போனாலும் உங்கள் பதிவின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, நாள், இசையமைத்தவர், எழுதியவர், வாசித்தவர்கள் பெயரோடு சேமித்து வையுங்கள். எங்கள் காலத்து ஸ்பூல் நாடாக்கள் விலை அதிகம் என்பதால், ஒலிபரப்பு முடிந்ததும் பலவற்றை அழித்து அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். என் மெல்லிசைப் பாடல்களில் என்னிடம் இருப்பவை, வானொலிப் பெட்டியின் முன்னால் கேசட் ரெக்கார்டரை வைத்து என் அண்ணன் பிடித்தவை மட்டும்தான். அவற்றைக் கொண்டுதான் அண்மையில் ஓர் இளம் பாடகிக்கு அந்த மெட்டுகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.